வழித்துணைக்கு ஒரு பாட்டு

நகரத்தார் வீட்டில் கல்யாணம் என்றால் அவரவர் நகரக் கோயிலிலிருந்து மாலை வந்தாக வேண்டும். ஒன்பது நகரக் கோயில்களில் இளையாத்தங்குடி ஒன்று. ஏழு உட்பிரிவினருக்கு அந்த ஒரே கோயில். அதனால் முகூர்த்த மாதங்களில் கைலாசநாதர், நித்யகல்யாணி சந்நிதிக்கு வெளியூர்க் கார்கள் வந்தபடி இருக்கும். சென்னையிலிருந்து வருகிற கார் ஏழெட்டு மணி நேரம் ஓடியிருக்கும். சினிமாப் பாட்டு ஒன்று நான்கு, நாலரை நிமிடம். கணக்குப் போட்டால் கார் கோயில் வாசலைத் தொடுவதற்குள் நூறு பாட்டு ஓடி முடிந்திருக்கும்.

அந்த நூறில் சிலவற்றையாவது எழுதியவர், கார் கடைசியாகக் கடந்து வந்த வட்டாரத்துக்காரர். திருமயத்திலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் இருக்கிறது கீழச்சிவல்பட்டி. அதன் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில்தான் 1927இல் கண்ணதாசன் பிறந்தார். அவருடைய அண்ணன் மகன் பஞ்சு அருணாசலத்துக்கும் அதுவே ஊர். அவர் வசனமும் பாட்டும் எழுதிய ‘அன்னக்கிளி’தான் 1976இல் இளையராஜாவை இசையமைப்பாளராக அறிமுகப்படுத்தியது. தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்குள் இன்று ஒலிக்கும் பாட்டில் பெரும்பங்கு இந்த நாலைந்து மைல் சுற்றளவுக்குக் கடன்பட்டது. ஊர்ப்பெருமை என்று யாராவது முகம் சுளித்தால், காரைக்குடியிலிருந்து எந்தத் திசைக்கும் ஒரு தனியார் பேருந்தில் ஏறி அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

வண்டி ஓட்டுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், ஏன் அதைக் கேட்கிறார்கள் என்பது அற்பமான கேள்வியாகத் தோன்றும். பிடித்ததைக் கேட்கிறார்கள், அவ்வளவுதானே என்று முடித்துவிடலாம். ஆனால் அதே மனிதர் வீட்டில் விரும்பிக் கேட்கிற பாட்டை ஸ்டீயரிங் பிடித்ததும் தள்ளிவிடுகிறார். வீட்டில் சீந்தாத பாட்டை நடுநிசியில் மூன்று முறை திருப்பிப் போடுகிறார். ரசனையைக் காட்டிலும் வேளையும் பாதையும் கூட வருகிறவர்களும்தான் இங்கே பாட்டைத் தேர்ந்தெடுப்பதாகத் தெரிகிறது. விரிஞ்சிபுரத்தில் சிவனுக்கு வழித்துணைநாதர் என்று ஒரு பேர் உண்டு. ஓட்டுகிறவர் தேடுவதும் ஒரு துணையைத்தான்.

மோட்டார் வருவதற்கு முன்னால் வண்டிக்காரரே பாடகர். ராத்திரியில் பாரம் ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும் மாட்டுவண்டிகளில் முன்வண்டிக்காரர் தெம்மாங்கு எடுப்பார், பின்வண்டிக்காரர் பதில் கொடுப்பார். மாட்டுக்கு வழி தெரியும். மனிதருக்குத் தூக்கம் வராமல் இருக்க வேண்டும், கள்ளர் பயம் தெரியாமல் இருக்க வேண்டும். பெர்சி மெக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டியவற்றைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து 1958இல் வந்த ‘மலையருவி’யையும், நா. வானமாமலையின் தொகுப்புகளையும் புரட்டினால், தமிழ் நாட்டார் பாட்டில் எத்தனை பங்கு நடையிலும் சுமையிலும் வழியிலும் பிறந்தது என்பது விளங்கும். மோட்டார் அந்தப் பாட்டை ஒரே அடியில் நிறுத்தியது. எஞ்சின் இரைச்சலில் பாடினால் யாருக்கும் கேட்காது. பாடிக்கொண்டிருந்த வண்டிக்காரர் கேட்கிறவராக மாறியது அப்போதுதான்.

முதலில் அவர் கேட்டது எஞ்சினை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1910களில் தென்மாவட்டங்களில் பேருந்து விடத் தொடங்கிய காலத்திலிருந்து, டிரைவரின் காது ஒரு மெக்கானிக்கின் காது. கியர் மாற்ற வேண்டிய நேரத்தைச் சத்தம் சொல்லும். பேரிங் தேய்ந்ததைச் சத்தம் சொல்லும். இரண்டாவதாகக் கேட்டது கண்டக்டரின் விசிலை. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரட்டை விசில் என்றால் போகலாம். தமிழ்நாட்டுப் பேருந்துகளில் இன்றுவரை மாறாத மொழி அது. எவ்வளவு சத்தமாகப் பாட்டு ஓடினாலும் அந்த விசில் டிரைவர் காதில் தனியாக விழும். பழைய டிரைவர்களில் ஒரு சாரார் இன்றும் பாட்டே போடுவதில்லை. கேட்டால், “வண்டி பேசுறதக் கேக்கணும்ல” என்பார்கள்.

காருக்குள் இசையைக் கொண்டுவர மேற்கே எடுத்த முயற்சிகளில் சில வேடிக்கையானவை. 1930இல் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் கொண்டுவந்த கார் வானொலிக்கு வைத்த பேர்தான் மோட்டரோலா. பிறகு நிறுவனமே அந்தப் பேரை எடுத்துக்கொண்டது. 1956இல் கிரைஸ்லர் நிறுவனம் காரின் முகப்புப் பலகைக்கு அடியில் இசைத்தட்டுக் கருவியையே பொருத்திப் பார்த்தது. மேடு பள்ளத்தில் முள் தாவியது. சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். இந்தக் கதையை ரசிக்கக் காரைக்குடிக்குத் தனி உரிமை உண்டு. 1930களில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக இசைத்தட்டு வியாபாரத்தில் இறங்கிய ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். செட்டிநாட்டு வளவுகளில் கிராமபோன் பாடியது. வாசலில் நின்ற கார் ஊமையாகவே இருந்தது.

இந்தியாவில் வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டியிருந்தது. தபால் நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டி முத்திரை குத்திக்கொள்ள வேண்டிய அந்த ஏற்பாடு 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. காரில் ரேடியோ என்பது அப்போது பணக்காரச் சங்கதி. அதிலும் அகில இந்திய வானொலியில் கேட்க அதிகம் இல்லை. 1952இல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை ஓரங்கட்ட, நேயர்கள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி வந்த பிறகும் தென்கோடி மாவட்டங்கள் இலங்கை வானொலியை விடவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் பழைய ராமநாதபுரம் மாவட்டத்து டீக்கடைகளில் சொந்தக்காரர்களின் குரல்போலப் புழங்கின. காரில் அதைப் பிடிப்பது மட்டும் பெரும்பாடு. மின்கம்பிக்கு அடியில் போனால் கரகரக்கும். பாட்டின் நல்ல இடத்தில் அலை உள்ளே போய் வெளியே வரும்.

இந்த விவகாரத்தையே தலைகீழாக்கியது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய அந்தச் சின்னப் பெட்டி தமிழ்நாட்டு வண்டிகளுக்குள் பரவலாக நுழைந்தது எண்பதுகளில். இளையராஜா உச்சத்தில் இருந்த காலமும் அதுவே. எக்கோ கேசட்டுகள் ஊரூராகப் போய்ச் சேர்ந்த காலமும் அதுவே. இரண்டும் ஒன்றாக வந்தது தற்செயல்தான், ஆனால் விளைவு பெரியது. வண்டி ஓட்டுகிறவர் முதல்முறையாகத் தன் பாட்டைத் தானே தேர்ந்தெடுத்தார்.

தேர்ந்தெடுத்த இடம் ரெக்கார்டிங் சென்டர். நோட்டுத் தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இரண்டு நாள் கழித்துக் கேசட் தயாராக இருக்கும். அறுபது நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு அடங்கும். ஒரு பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிடம் மிச்சம் விழுந்தால் கடைக்காரர் தன் ரசனைக்கு ஒரு பாட்டைத் தொடங்கி வைப்பார். அது பாதியில் அறுந்துபோகும். பதிப்புரிமைச் சட்டப்படி பார்த்தால் அந்தக் கடைகளில் பாதியை மூடியிருக்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டின் பயண இசை ரசனையை உருவாக்கியவர்களில் அந்தப் பேர் தெரியாத கடைக்காரர்களுக்கு வானொலி நிலையங்களுக்குச் சமமான இடம் உண்டு. “ஜோடிப் பாட்டா போட்டுக் குடுங்க” என்று கேட்டு வாங்கிப் போன டிரைவருக்கு, எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது வந்தால் இழுக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சித்திரை வெயிலில் பேருந்தின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்த கேசட்டில் நாடா இளகி, டி.எம். சௌந்தரராஜன் ஒரு கட்டை இறங்கிப் பாடியதைக் கேட்டவர்களும் பலர். சிக்கிய நாடாவை மீட்க டிரைவர் சட்டைப்பையில் பென்சில் இருக்கும்.

கேசட் விட்டுப்போன சொத்து ஒன்று இன்னும் செலாவணியில் இருக்கிறது. ஐம்பது வயது தாண்டிய டிரைவர் ஒருவர் ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டின் முதல் அடியை முணுமுணுப்பார். பென் டிரைவில் அடுத்து வருவது வேறாக இருக்கும். அவர் காதுக்குள் ஓடுவது முப்பது வருடத்துக்கு முந்தைய கேசட்.

எண்பதுகளின் பாட்டுக்கு வானொலிக்காரர்கள் ‘இடைக்காலப் பாடல்கள்’ என்று பேர் சூட்டியிருக்கிறார்கள். அதற்கு முந்தியது பழையது, பிந்தியது புதியது. ஓடும் வண்டிகளில் ஆட்சி செய்வது இந்த இடைக்காலந்தான். இளையராஜாவின் மெட்டுக்கு அப்படி ஒரு சக்தி என்று ரசிகர்கள் சொல்வார்கள், இருக்கலாம். ஆனால் அதே இரவுப் பேருந்துகளில் எழுபதுகளுக்கு முந்தைய எம்.எஸ். விஸ்வநாதன், கண்ணதாசன் பாட்டும், தொண்ணூறுகளின் தேவா பாட்டும் இணையாக ஓடுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம், ஓட்டுகிறவருக்கு மனப்பாடமாக இருப்பது. தெரிந்த பாட்டு கவனத்தைக் கேட்காது. வரியைத் தொடர வேண்டியதில்லை. நடுவில் லாரி ஒன்று குறுக்கே வந்தால் பாட்டை விட்டுவிட்டுச் சமாளித்து, சரணத்தில் மறுபடி ஏறிக்கொள்ளலாம். புதுப்பாட்டுக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. அது தன்னைக் கேட்கச் சொல்லும்.

ஒரு மினி பஸ்ஸை எடுத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு துல்லியமாகத் தெரியும். 1997இல் தமிழக அரசு கொண்டுவந்த மினி பஸ் திட்டம்தான் பெரிய பேருந்து போகாத பல கிராமங்களுக்கு முதல் பேருந்தைக் கொண்டுபோனது, கூடவே ஸ்பீக்கரையும். முதல் நடை கிளம்பும்போது ஊதுபத்தி, எலுமிச்சம்பழம், சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். அது முடிய ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். அதற்குள் வண்டி பாதிக் கிராமங்களைத் தாண்டிவிடும். பிறகு சீர்காழி கோவிந்தராஜன். முதலாளி முஸ்லிம் என்றால் நாகூர் ஹனிபா. கிறிஸ்தவர் என்றால் மாதா பாட்டு. ஆனாலும் ஹனிபாவை எல்லா முதலாளிகளும் போடுவார்கள் என்பது இந்தச் சாலைகளின் பழைய வழக்கம். எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறியதும் பக்தி இறங்கிவிடும். அந்த மாதம் வந்த படத்தின் பாட்டு ஏறும். பதினொரு மணிக்குச் சந்தைக்குப் போகிற பெண்களுக்கு எம்.ஜி.ஆர்., சிவாஜி. மத்தியானம் வண்டியில் நாலு பேர்தான் இருப்பார்கள். அப்போது டிரைவர் தனக்காகப் போட்டுக்கொள்வார். அநேகமாகச் சோகப் பாட்டு. கடைசி நடையில், விளக்கை மங்கலாக்கிவிட்டு ஓட்டுகிறபோது, மெலடி.

பருவமும் உண்டு. ஆடியில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. கார்த்திகை பிறந்துவிட்டால் கே. வீரமணியும் யேசுதாசும் மாலை போட்ட வண்டிகளைத் தை வரை விடமாட்டார்கள். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்குக் காவடி நடந்து போகும்போது கூட வருகிற சாமான் வண்டியிலும் பாட்டு ஓடும், ஆனால் நடக்கிறவர்கள் தாங்களே பாடிக்கொண்டுதான் போகிறார்கள். மாட்டுவண்டிக் காலத்து வழக்கத்தில் மிச்சம் இருப்பது இந்தப் பாதயாத்திரை ஒன்றுதான்.

இந்த வரிசைக்கு வெளியே தள்ளி நிற்பது டிராக்டர். சிவகங்கைச் சீமையின் மானாவாரிப் புஞ்சைகளில் மழை பெய்த மறுநாள் உழவு ஓட்டுகிறவர் காலை முதல் இருட்டும் வரை ஒரே வயலைச் சுற்றுவார். சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் பாக்ஸ் கட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி பாட்டு. விளம்பரம் என்று நினைப்பவர்கள் டீசல் எஞ்சினுக்கு ஓரடி தள்ளி எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கவில்லை. அந்த இரைச்சலைத் தாண்டி அவர் காதில் பாட்டு விழ வேண்டும் என்றால் அடுத்த ஊர்க்காரர் காதிலும் விழுந்தே தீரும்.

பண்பலை வானொலி இந்தியாவில் முதலில் ஒலித்தது சென்னையில், 1977 ஜூலை 23 அன்று. ஆனால் தென்தமிழ்நாட்டு டிரைவர்களுக்குப் பண்பலை என்றால் கொடைக்கானல் 100.5. மலை உச்சியிலிருந்து ஒலிபரப்பாவதால் மாவட்டம் மாவட்டமாக விடாமல் கூடவே வரும். 2000க்குப் பிறகு வந்த தனியார் பண்பலைகள் நகரங்களைச் சுற்றியே நிற்கின்றன. திருச்சியிலிருந்து காரைக்குடி வருகிற வழியில் ஒரு மேட்டில் ஒரு நிலையம் பேசும், அடுத்த இறக்கத்தில் வேறொன்று அதன் வாயை மூடிவிட்டுத் தன் விளம்பரத்தைச் சொல்லும். தொகுப்பாளரின் மூச்சுவிடாத பேச்சைக் கேலி செய்கிறவர்களே தனியாக ஓட்டும்போது அதைத் தேடுகிறார்கள். மனிதக் குரல் ஒன்று இப்போது, இந்த நிமிடத்தில், எங்கோ இருந்து பேசுகிறது என்பதற்கு மவுசு இருக்கிறது. கோலாலம்பூர் நெரிசலில் மின்னல், ராகா நிலையங்களையும், சிங்கப்பூர்ச் சாலைகளில் ஒலி 968ஐயும் தமிழர்கள் விடாமல் கேட்பதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். பாட்டு மட்டும் வேண்டுமென்றால் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே.

பாட்டைவிட்டுப் பேச்சுக்கு வந்தால் செட்டிநாடு இன்னொரு தரம் குறுக்கிடுகிறது. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகமும், குன்றக்குடி அடிகளார் நடுவராக இருந்து வளர்த்த பட்டிமண்டபமும் மேடைப் பேச்சைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கிற பொழுதுபோக்காக்கின. அது கேசட்டாகி, குறுந்தகடாகி, இன்று யூடியூப் வழியாகக் காருக்குள் ஓடுகிறது. நீண்ட பயணத்துக்குப் பட்டிமன்றம் பொருந்துவது போல எதுவும் பொருந்தாது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பேச்சாளர்; எதிரணி முன்னவர் சொன்னதை எடுத்துச் சொல்லித்தான் மறுக்கும். டோல்கேட்டில் சில்லறை தேடியதில் ஒரு வாதம் தவறிப்போனாலும் அடுத்தவர் அதை மீட்டுத் தருவார். சாலமன் பாப்பையா தீர்ப்பு சொல்லும் நேரத்துக்கு வண்டி மேலூரைத் தாண்டியிருக்கும். தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ சின்னப் பயணத்துக்கு. சுகி சிவம் நடுத்தரப் பயணத்துக்கு. ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ கண்ணதாசனின் சொந்தக் குரலிலேயே கிடைக்கிறது; அதைக் கேட்டுக்கொண்டே சிறுகூடல்பட்டி விலக்கைத் தாண்டுகிறவர்களுக்கு ஒரு சின்னத் திடுக்கிடல் நிச்சயம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் பாம்பே கண்ணன் நாடகக் குரல்களோடு ஒலிநூலாக்கியிருக்கிறார். எழுபது மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதை முடிக்கச் சென்னைக்கும் காரைக்குடிக்கும் ஐந்து தடவை போய்வர வேண்டும்.

இந்தப் பழக்கங்களை ஆராய்ச்சிக்கூடத்தில் நிறுத்திப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்து வாரன் பிராட்ஸ்கி இதற்காகவே பல ஆண்டுகள் செலவிட்டவர். வேகத்தாளப் பாட்டு ஓடும்போது, செயற்கைச் சாலையில் ஓட்டியவர்களின் வேகம் கூடியது, சிவப்பு விளக்கை மீறுவது அதிகரித்தது என்று 2000களின் தொடக்கத்தில் காட்டினார். 2013இல் ஸ்லோர் என்பவரோடு சேர்ந்து 85 இளம் ஓட்டுநர்களை உண்மைச் சாலையில் ஓட்டவிட்டுப் பார்த்தார். தாங்களே விரும்பிக் கொண்டுவந்த பாட்டோடு ஓட்டியபோது தவறுகள் கூடின. ஓட்டுவதற்கென்றே அமைதியாக அமைத்த இசையில் குறைந்தன. குத்துப் பாட்டு ஓடும்போது மிதி தானாக அழுந்துகிறது என்று எந்த டிரைவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பின்சீட்டில் இருப்பவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

அதே ஆண்டு யூட்டா பல்கலைக்கழகத்து டேவிட் ஸ்ட்ரேயர் குழு, அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் ஆய்வு அறக்கட்டளைக்காக ஒரு அளவுகோல் போட்டது. எதையும் கேட்காமல் ஓட்டினால் மனச்சுமை 1. வானொலி கேட்டால் 1.21. ஒலிநூல் என்றால் 1.75. கையில் பிடிக்காமல் போனில் பேசினால் 2.27, பக்கத்தில் இருப்பவரோடு பேசினால் 2.33, போனைக் கையில் பிடித்தால் 2.45. வாயால் சொல்லி வண்டியே செய்தி அனுப்புகிற நவீன வசதிக்கு 3.06. பாட்டு மிகச் சின்னக் குற்றவாளி. கல்கி அதைவிடக் கொஞ்சம் பெரிய குற்றவாளி. பட்டிமன்றத்தை யாரும் அளக்கவில்லை.

பக்கத்துச் சீட்டுக்காரர் போனைக் காட்டிலும் கனமாக நிறுவையில் நிற்பது முதல் பார்வைக்கு இடிக்கும். ஸ்ட்ரேயரும் அவரது சகாக்களும் 2008இல் வெளியிட்ட வேறொரு ஆய்வு அதற்கு விடை வைத்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் சாலையைப் பார்க்கிறார். நெரிசல் வந்தால் பேச்சை நிறுத்துகிறார், திருப்பம் தவறினால் சொல்கிறார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு எதிரே லாரி வருவது தெரியாது. முன்சீட்டில் உட்கார்ந்து தூங்கக் கூடாது என்று நம்மூரில் வைத்திருக்கும் கண்டிப்பான வழக்கம் இதைத்தான் சொல்கிறது.

தூக்கத்தை ஓட்டப் பாட்டு என்ற நம்பிக்கைக்குத்தான் ஆய்வு பலத்த அடி கொடுக்கிறது. லஃப்பரோ பல்கலைக்கழகத்து ரெய்னரும் ஹார்னும் 1998இல், தூக்கக் கலக்கத்தில் இருந்த ஓட்டுநர்களுக்கு வானொலியும் குளிர்ந்த காற்றும் எவ்வளவு நேரம் உதவுகின்றன என்று பார்த்தார்கள். கிடைத்த பலன் சிறிது நேரத்திலேயே வடிந்துவிட்டது. முந்தைய ஆண்டு அவர்களே காபியையும் கால்மணித் தூக்கத்தையும் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். அது வேலை செய்தது. நாமக்கல் லாரிக்காரர்களுக்குப் பாட்டு அதிகாலை இரண்டு மணி வரை துணை. அதற்குப் பிறகு தாலாட்டு. சில மாவட்டங்களில் நள்ளிரவில் போலீசார் லாரிகளை நிறுத்தி டிரைவரை இறங்கச் சொல்லி, முகம் கழுவவைத்து, டீ கொடுத்து அனுப்புவது அந்த ஆய்வைப் படித்ததால் இருக்காது. ஆனால் முடிவு ஒன்றுதான்.

டிரைவருக்குத் துணையாகிற பாட்டு பயணிக்கு ரோதனையாவதும் உண்டு. ஐம்பது பேர் போகிற வண்டியில் ஒருவர் ரசனையை நாற்பத்தொன்பது பேர் கேட்க வேண்டியிருக்கிறது. முன்னே ஸ்பீக்கரில் ஒரு பாட்டு, நடுவில் ஒருவர் போனில் ரீல்ஸ், பின்னே குழந்தைக்குக் கார்ட்டூன். கர்நாடகத்தில் இது உயர் நீதிமன்றம் வரை போனது; 2021 நவம்பரில் அரசுப் பேருந்துகளில் பயணிகள் போனைச் சத்தமாக வைத்துக் கேட்கக் கூடாது, மீறினால் இறக்கிவிடலாம் என்று அங்கே உத்தரவு வந்தது. தமிழ்நாட்டில் அநேகமாக ஒரு முதியவரின் “தம்பி, சவுண்டக் கொறங்க” என்ற வேண்டுகோளோடு முடிகிறது. மறுகோடியில் இருக்கிறது காதுக்குள் செருகிய இயர்போன். இருசக்கர வண்டியில் ஹெல்மெட்டுக்குள் பாட்டு கேட்டபடி போகிறவரைப் பாட்டு யாருக்கும் தொல்லையில்லாமல் உலகத்திலிருந்து துண்டித்துவிடுகிறது. பின்னால் வருகிற ஹாரனும் அதில் சேர்த்தி. இந்த இரண்டில் ஆபத்தானது எது என்பதில் சந்தேகம் இல்லை. அந்த முதியவருக்குப் பதில் சொல்லவாவது பேருந்து டிரைவர் காது திறந்திருக்கிறது.

இந்தச் சத்த விவகாரத்தில் தமிழின் பழைய சாட்சி ஒன்று சத்தத்துக்கு எதிரானது. குறுங்குடி மருதனார் பாடிய அகநானூற்றின் நாலாம் பாட்டில் தலைவன் கார்காலத்தில் வீடு திரும்புகிறான். பூக்களில் தேன் குடிக்கிற வண்டினங்கள் கலைந்துவிடக் கூடாதென்று தேர்மணிகளின் நாக்கைக் கட்டிவிட்டு ஓட்டி வருகிறான். அவசரமாகப் போகிறவன், ஊர் சேர வேண்டியவன், இருந்தும் மணியை அடக்கினான். ஏர்ஹாரன் வைத்த பேருந்துகளின் முகப்பில் ஒட்ட ஒரு சேதி உண்டென்றால் அது இதுவாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் திருக்குறள் பலகையை யார் கவனிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

குடும்பக் காரில் சண்டை இன்னும் நுட்பமானது. கேசட் காலத்தில் அப்பா வைத்ததுதான் பாட்டு. இன்று புளூடூத்தில் யாருடைய போன் முதலில் இணைகிறதோ அவருடையது. மகள் ஓட்டினால் அனிருத்; செங்கல்பட்டில் அப்பா ஸ்டீயரிங்குக்கு மாறினால் விஸ்வநாதன்; பின்சீட்டில் ஆச்சி, “கந்தர் அலங்காரம் இருந்தாப் போடேன்” என்பார். செயலிகள் இந்தச் சண்டையைத் தீர்க்கவில்லை, குழப்பியிருக்கின்றன. ஆச்சிக்காகப் போட்ட ஒரு பக்திப் பாட்டை நினைவில் வைத்துக்கொண்டு, மறுநாள் மகள் தனியாக ஓட்டும்போது செயலி இன்னும் நாலு பக்திப் பாட்டை எடுத்துக் கொடுக்கும்.

இத்தனை சண்டைக்கு நடுவிலும் எல்லாரும் ஒன்றுபோலச் செய்கிற காரியம் ஒன்று உண்டு. கார் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி இளையாத்தங்குடிப் பாதைக்குள் நுழைகிறது. சாலை குறுகுகிறது, எதிரே வைக்கோல் ஏற்றிய வண்டி, எந்தத் தெருவில் திரும்பினால் கோயில் என்று ஓட்டுகிறவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. கை தன்னாலே போய்ப் பாட்டைக் குறைக்கிறது. கண் தேடுவதற்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. பின்சீட்டிலும் பேச்சு நின்றுவிடுகிறது. வண்டி கோயில் வாசலில் நிழல் பார்த்து நிற்கிறது. மாலை வாங்கி, துண்டில் பொதிந்து, ஆச்சி மடியில் வைத்துக்கொண்டு திரும்ப ஏறும்போது அரைமணி ஆகியிருக்கும். சாவியைத் திருப்பினால், குறைத்துவைத்த அதே பாட்டு, விட்ட சரணத்திலிருந்து தொடங்குகிறது.